போனதும் தப்பு, வந்ததும் தப்பா?

கேள்வி: மேடம், எனக்கு 43 வயது. நங்கநல்லூரில் பிறந்து வளர்ந்தவன். 2011-ல் நொய்டாவில் வேலை கிடைத்துப் போனேன். மகளும் மகனும் பிறந்தது அங்கேதான். 2015 வெள்ளத்தின்போது இரண்டு நாள் அப்பா அம்மாவை போனில் பிடிக்க முடியாமல் தவித்தேன். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். விமானமும் இல்லை, ரயிலும் இல்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் வீடியோ காலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. 2023 ஜூனில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவும் எங்களோடுதான். சம்பளம் குறைந்தது, பரவாயில்லை. ஆனால் வந்த ஆறாம் மாதமே மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவை நாற்காலியோடு தூக்கி இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. எட்டாவது படிக்கும் மகளை வகுப்பில் 'ஹிந்திக்காரி' என்கிறார்கள். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அம்மாவுக்கு ராத்திரி சப்பாத்தி ஆகவில்லை. மனைவிக்கும் அங்கேயே பழகிவிட்டது. கார் இன்னும் யு.பி. நம்பரில் ஓடுவதால் போலீஸ்காரர்கள் அடிக்கடி நிறுத்துகிறார்கள். ஊர் என்று நினைத்து வந்த ஊர் இது இல்லை.

இப்போது பழைய கம்பெனியே பதவி உயர்வோடு கூப்பிடுகிறது. ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். போனதும் தப்பு, வந்ததும் தப்பு என்று தோன்றுகிறது. மறுபடி போனால் அது மூன்றாவது தப்பாகிவிடுமோ?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேடவாக்கம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று. இரண்டாம் முறை, எதற்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறீர்கள் என்று. தொழில் புத்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு ஒன்றரைப் பக்கம். மகளுக்கு முக்கால் பக்கம். காருக்கு ஐந்து வரி. மனைவிக்கு ஒரே வரி: 'மனைவிக்கும் அங்கேயே பழகிவிட்டது.' அதிலும் அந்த 'உம்' இருக்கிறதே, பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் அப்பா.

ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது. உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறந்தது மே 25-ல். நடுவில் இருந்த அந்த இரண்டு மாதத்துக்குள் உங்கள் அப்பா போய்விட்டார். 'நீ சென்னையில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது' என்று உறவுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ இருந்திருந்தால் எப்படியாவது அனுமதி வாங்கிக்கொண்டு நங்கநல்லூர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கொள்ளி உங்கள் கையால் வைத்திருப்பீர்கள். அது நடக்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழ்ந்ததற்கு நீங்கள் கொடுத்த விலைகளில் பெரியது அதுதான், அதை யாரும் சின்னதாக்கிப் பேச வேண்டாம்.

ஆனால் இழந்தது வேறு, தப்பு செய்தது வேறு. 2011-ல் ரயில் ஏறிய 29 வயதுப் பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, 2020-ல் நடந்ததற்குக் கணக்குக் கேட்கிறீர்கள். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் ஒரு சோதனை செய்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றி ஒரு குறிப்பைப் பலரிடம் கொடுத்தார். சிலரிடம் ஆங்கிலேயர் ஜெயித்ததாகச் சொன்னார், சிலரிடம் கூர்க்காக்கள் ஜெயித்ததாக. எந்த முடிவைச் சொன்னாலும், கேட்டவர்களுக்கு அந்த முடிவுதான் முதலிலிருந்தே வரக்கூடியதாகத் தெரிந்தது. முடிவு தெரிந்தபின் பழசைப் பார்க்கும்போது நம் எல்லோருக்கும் இது நடக்கும். 'அப்பவே தெரிஞ்சிருக்கணும்' என்று நீங்கள் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்ன தெரிந்திருக்கும்? நல்ல வேலை. கல்யாணமாகி ஒரு வருடம். வழியனுப்ப வந்த அப்பா சென்ட்ரல் பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்து, 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்றார். அவ்வளவுதான் அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொன்று. அப்பா 1974-ல் மன்னார்குடியிலிருந்து வேலைக்காக மெட்ராஸுக்கு வந்தவர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா இறந்தபோது அப்பா பக்கத்தில் இருந்தாரா? அம்மாவிடம் கேளுங்கள். தந்தி வந்து, லீவு சொல்லி, பஸ் பிடித்துப் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோன கதை அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால், அப்பா அதைப் பிறகு எப்படிச் சுமந்தார் என்பதையும் அம்மா சொல்வார். இதை ஆறுதலுக்காகக் கேட்கச் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து பேசியதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பாவின் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை, ஏப்ரல் வந்தால் தூக்கம் போய்விடுகிறது என்கிறீர்கள். ஐந்து வருடம் கழிந்தும் இப்படி இருந்தால் நேரில் ஒருவரைப் பார்ப்பது நல்லது. நீண்டுபோகும் துயரத்தை உலக சுகாதார நிறுவனமே இப்போது தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. கடிதத்தை வைத்து உங்களுக்கு அதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இவ்வளவு தூரம் அப்பாவைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. 2023-ல் நீங்கள் கிளம்பி வந்தது 2020 ஏப்ரலுக்கு. இறங்கிய இடம் மேடவாக்கம். அதனால்தான் இந்த ஊர் என்ன செய்தாலும் உங்களுக்குப் போதவில்லை. புயல் வந்தால் ஊர் மேல் கோபம், லாரித் தண்ணீர் வாங்கினால் கோபம், நங்கநல்லூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று கோபம். பாவம், ஊர் என்ன செய்யும்?

சரி, காருக்கு வருவோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. நொய்டா ஆர்.டி.ஓ.-விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்ட வேண்டும். அலைச்சல்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு, ஆதார் முகவரி, பள்ளி, எல்லாவற்றையும் மாற்றியவர் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? வீட்டில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி ஏதாவது பரண்மேல் இருக்கிறதா என்றும் கேட்கத் தோன்றுகிறது. பெட்டி படுக்கையோடு வந்த பிறகும் வந்து சேராத மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானதும் ஆறு வருடம் நாக்பூரில் இருந்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணிக்குச் சென்னையை விட்டால் மறுநாள் மதியம் நாக்பூர் வரும். தெரிந்தவர் யாராவது டெல்லிக்குப் போனால் அம்மா ஒரு பை கொடுத்தனுப்புவார். வண்டி நிற்பதே சில நிமிடம்தான். கோச் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடுவேன். ஜன்னல் வழியாகப் பை இறங்கும். உள்ளே மாவடு, அப்பளம், அப்புறம் வழியெல்லாம் கசிந்து வார இதழை நனைத்துவிட்ட புளிக்காய்ச்சல். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. எப்போதடா ஊருக்குப் போவோம் என்றிருக்கும்.

வந்தோம். வந்த முதல் வருடம் முழுக்க நான் பேசியது நாக்பூரைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு அம்மாள் தட்டை மூடிக் கொண்டுவந்து கொடுக்கும் தர்ரி போஹா இங்கே ஏது? அவல் உப்புமாவின் மேல் காரசாரமான கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தருவார்கள். மராத்தியில் அவரோடு நான் போட்ட சண்டைகூட நினைவுக்கு வந்து ஏங்க வைத்தது. அங்கே எங்களை 'மதராஸி' என்றார்கள். இங்கே என் நாத்தனார், 'அண்ணி வடக்கத்திக்காரியாவே ஆயிட்டாங்க' என்றார்.

இப்படி ஆகும் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும், பாடத்தில் படித்தவள்தான். ஜான், ஜீன் குல்லஹார்ன் என்ற தம்பதி 1963-லேயே எழுதியிருக்கிறார்கள்: வெளியூருக்குப் போனவர்கள் அங்கே முதலில் உற்சாகப்பட்டு, அப்புறம் சோர்ந்து, பிறகு தேறுகிறார்கள். திரும்பி வந்ததும் சொந்த ஊரிலேயே அந்தச் சோர்வும் தேறுதலும் இன்னொரு சுற்று வருகின்றன. படமாக வரைந்தால் ஆங்கில எழுத்து 'டபிள்யூ' மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அச்சு அசலாக இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் போகும்போது அந்நியமாக இருக்கும் என்று மனசைத் தயார் செய்துகொள்கிறோம், திரும்பும்போது அதைச் செய்வதில்லை. சொந்த ஊர்தானே என்று அசட்டையாக வந்து இறங்குகிறோம். அடி அதனால்தான் பலமாக விழுகிறது.

வெளிமாநிலம் போனதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் எல்லோரும் சம்பளத்தைச் சொல்வார்கள். நீங்களே அதைப் பரவாயில்லை என்று விட்டுவிட்டீர்கள், நானும் விட்டுவிடுகிறேன். எனக்குக் கிடைத்தது வேறு. சொந்தக்காரர் கண் படாத இடத்தில் ஆறு வருடம் குடித்தனம் பண்ணியதில், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் திறக்கவும் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் மனைவி வருகிறார். பொய் சொல்லக் கூடாது, அவர் உங்கள் கடிதத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறார், கார் பாராவில். 'அந்தக் காரில்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், எட்டு வருடம் ஸ்கூலுக்கு அதில்தான் போய்வந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு நொய்டாவில் எட்டு வருட வேலை இருந்தது. மேடவாக்கத்தில் அவர் வேலைக்குப் போகிறாரா என்று நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் துக்கத்துக்காக ஒரு குடும்பமே மூட்டை கட்டியது. அதில் அதிகம் விட்டுவிட்டு வந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று என் கணக்கு.

ஒரு சின்ன விஷயம். நொய்டாக் குளிரில் இட்லி மாவு சாமானியத்தில் பொங்காது. வடக்கே குடித்தனம் பண்ணிய ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணிடமும் அதற்கு ஒரு வழி இருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பார்கள், அரிசி டப்பாவுக்குள் புதைப்பார்கள், ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். உங்கள் மனைவி என்ன செய்தார்? உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் மாவு ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி மேடையில் வழிகிறது. அவர் பன்னிரண்டு குளிர்காலம் கற்றுக்கொண்டதற்கு இங்கே வேலையே இல்லை. சப்பாத்தியில் வரும் சண்டையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அம்மாவுக்குச் சப்பாத்தி ஆகவில்லை என்றால் இரண்டு இட்லி வைத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தச் சப்பாத்தி, உங்கள் மனைவி அந்த ஊரிலிருந்து கையோடு கொண்டுவர முடிந்த சில விஷயங்களில் ஒன்று. அதைத் 'தினமும் ஹிந்திக்காரன் சாப்பாடு' என்று அம்மா சொல்லும்போது நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது அவருக்கு வலிக்கும்.

பிள்ளைகளில் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். அபார்ட்மென்ட் கிரிக்கெட்டில் 'டேய் மச்சி' என்று கத்துகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் சென்னைக்காரன் ஆகிவிட்டான், பேச்சைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் போதும். பெண் விஷயம் வேறு. 'அப்பா, நான் எந்த ஊரு?' என்று கேட்டாளாமே. நீங்கள் 'மெட்ராஸ்தான்' என்றீர்களாம். அவசரப்பட்டுவிட்டீர்கள். பதினோரு வயதுவரை அவள் நொய்டாப் பெண். அதை அழித்துவிட்டு இன்னொன்றை எழுத வேண்டியதில்லை. 'உனக்கு எப்படித் தோணுது?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பாள்.

தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்கும் சட்டம் வந்தது. பிறகு சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிந்தது. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது மலைதான். டியூஷனை ஒரு பக்கம் வையுங்கள். தாம்பரம் வரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள், கடை போர்டுகளைப் படிக்கச் சொல்லுங்கள். போர்டில் தப்பு கண்டுபிடித்தால் ஒரு ஐஸ்கிரீம் என்று பந்தயம் வையுங்கள். நம் ஊர் போர்டுகளை நம்பி வைத்தால் உங்கள் பர்ஸ் காலியாகிவிடும், அது வேறு விஷயம். 'ஹிந்திக்காரி' பட்டத்துக்கு நீங்கள் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால், என்ன செய்யலாம் என்று அவளையே கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்பாள், பெரும்பாலும்.

இப்போது நொய்டா. மழுப்பாமல் சொல்கிறேன், இந்த மாதம் சரி என்று சொல்லாதீர்கள். அப்பாவின் துக்கத்தோடு ஒரு முறை ஊர் மாறினீர்கள். அதே மூட்டையோடு மறுபடி போனால் அங்கேயும் அது உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கம்பெனியிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால் வாய்ப்பு போகும். போகட்டும் என்று லேசாகச் சொல்லவில்லை, அது நிஜமான நஷ்டம்தான்.

என் கருத்தை மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது: உங்கள் மனைவியின் பதில். 'உனக்குத் திரும்பிப் போகணும்னு இருக்கா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் அம்மாவைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ ஆரம்பிக்க வேண்டாம். அவர் ஆமாம் என்றால் அதற்குத் தோதான காலம் குறுகியது. சி.பி.எஸ்.இ.-யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்கான பதிவு நடந்துவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்ற வேண்டுமென்றால் காரணம் காட்டி வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதனால் ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்குள் போக வேண்டும், இல்லையென்றால் பத்து முடியும்வரை பொறுக்க வேண்டும். மகளுக்கு மருத்துவப் படிப்பில் ஆசை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். மாநில ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களைவிட வெளியே படித்தவர்கள் கூடுதல் சான்றிதழ்கள் காட்ட வேண்டியிருக்கும். அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் மட்டும் தனியாக நொய்டாவில், குடும்பம் இங்கே என்று ஒரு யோசனையையும் கடைசிப் பக்கத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி. பக்கத்தில் இல்லாமல் போனதற்காகத்தான் ஐந்து வருடமாக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 70 வயது. டெல்லிப் பக்கத்து நவம்பர் புகையில் அவரைக் கூட்டிப்போய் வைப்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். 'நான் இங்கயே எங்கயாவது கிடக்கிறேன்' என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

புயலைப் பற்றி எழுதிய பாராவை நீங்களே ஒரு முறை திரும்பப் படியுங்கள். ஊரின் மேல் சொன்ன புகாராக அதை எழுதியிருக்கிறீர்கள். 2015-ல் இரண்டு நாள் போனில் கிடைக்காத அம்மா, 2023-ல் நாற்காலியோடு உங்கள் கையில் இருந்தார். ஒரு பக்கம் நீங்கள் பிடித்தீர்கள். இன்னொரு பக்கம் பிடித்தது யார் என்று எழுதவில்லை. 'தூக்கினோம்' என்று இருக்கிறது. அது உங்கள் மனைவியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஆர்.டி.ஓ. வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். திரும்பிப் போவதாகவே முடிவானாலும் பரவாயில்லை. அடுத்த முறை இந்தப் பகுதிக்கு எழுதுவதாக இருந்தால் பேனாவை அவரிடம் கொடுங்கள். எத்தனை பக்கம் எழுதினாலும் நான் சுருக்க மாட்டேன்.